ரத்தம் சொன்ன வயசு

கல்யாணமாகி வரும்போது என் வயதில் ஏழு வருஷத்தைப் பிறந்த வீட்டிலேயே விட்டுவிட்டு வந்தேன். எனக்கு இருபத்தாறு, மாப்பிள்ளைக்கு இருபத்து நாலு. பெண் மூத்தவள் என்று தெரிந்தால் யார் கட்டுவார்கள்? அப்பா பத்தொன்பது என்று சொல்லிவிட்டார். மூன்றாம் கிளாஸோடு நின்றவளிடம் யார் சர்டிபிகேட் கேட்கப்போகிறார்கள்? (என் தம்பி ஒரே நாளில் எனக்கு மூத்தவனாகிவிட்டான். மாமியார் முன்னால் அவனை 'அண்ணா' என்று கூப்பிட நான் பட்ட பாடு!)

டில்லி சரோஜினி நகர் குவார்ட்டர்ஸில் குடித்தனம். எழுபதுகளின் கடைசி. ஏதோ காய்ச்சல் ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டு வருகிறது, டில்லியில் யார் உடம்பு தாங்கும் என்று பார்க்க வேண்டும் என்று வீடு வீடாக ரத்தம் எடுத்தார்கள். எங்கள் வீட்டுக்கு ஒரு தமிழ் டாக்டரம்மா வந்தார். கணவர் ஆபீஸுக்கு ஓடித் தப்பித்தார். என் வயதைக் கேட்டதும் மாமியார் முந்திக்கொண்டு ரேஷன் கார்டையே நீட்டினார். பத்தொன்பது. ஊசியைப் பார்த்ததும் நான் மயங்கிக் கோதுமை டின் மேல் விழுந்தேன்.

பதினைந்து நாள் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை, டாக்டரம்மா மறுபடி வந்தார்.

"ஒரு குழப்பம்மா. இந்தக் காய்ச்சல் இருபது வருஷத்துக்கு முன்னாடி இருந்து, காணாமப் போயி, இப்பத் திரும்ப வருது. அப்ப இருந்தவங்க ரத்தத்துலதான் எதிர்ப்பு சக்தி இருக்கும். இந்தப் பொண்ணு அப்ப பொறக்கவே இல்ல. ஆனா நிறைய இருக்கு."

"அதுக்கு?" என்றார் மாமியார்.

"டியூப் மாறியிருக்கும். இவங்களுக்குத் திரும்ப எடுக்கணும்."

ஊசி வெளியே வந்தது. மாமியாரைப் பார்த்தேன், ஊசியைப் பார்த்தேன். இரண்டில் மாமியாருக்குத்தான் முனை கொஞ்சம் மழுங்கல்.

"வேணாம் டாக்டரம்மா! டியூப்பு மாறல, வயசுதான் மாறிப்போச்சு. எனக்கு இருபத்தாறு!"

"அச்சா! இப்ப சரியா வருது" என்று டாக்டரம்மா பத்தொன்பதை அடித்துத் திருத்திவிட்டு, சந்தோஷமாகக் கிளம்பிப் போய்விட்டார்.

கணவர் வாயைப் பிளந்தார். "என்னைவிட ரெண்டு வயசு மூத்தவளா நீ?"

"முழுசா ரெண்டு இல்லீங்க. ஒரு மாசம் குறையும்."

"உங்கப்பனுக்குக் காயிதம் போடு. வந்து கூட்டிட்டுப் போகட்டும்" என்றார் மாமியார். மூன்று நாள் பேனாவோடு உட்கார்ந்தேன். எனக்கோ எழுத்துக் கூட்டி எழுத ஒரு வாரமாகும். 'அன்புள்ள அப்பா' வரைக்கும் வந்திருந்தேன்.

நாலாம் நாள் காய்ச்சல் எங்கள் வரிசைக்குள் நுழைந்தது. சின்னஞ்சிறுசுகள் எல்லாம் சுருண்டு படுத்தன. கைக்குழந்தையில் இந்தக் காய்ச்சலுக்குத் தப்பியிருந்த கணவரும் விழுந்தார். எங்கள் வீட்டில் எழுந்து நடமாடியது நானும் மாமியாரும்தான். அண்டா நிறைய மிளகு ரசம் வைத்து, ஆளுக்கொரு தூக்குச்சட்டியோடு வீடு வீடாகப் போனோம். நாலாவது வீட்டுப் படியில் மாமியார் மூச்சு வாங்க நின்றார்.

"சின்னப் பொண்ணா வந்திருந்தா இந்நேரம் அதுக்கும் நான்தான் கஞ்சி ஊத்தணும். சரி, காயிதம் போட வேணாம். ஜல்தி நட, ஆறிடப் போகுது."

காய்ச்சலில் கணவர் என்னை 'அக்கா' என்றார். காய்ச்சல் இறங்கிய பிறகும் விடவில்லை. இன்றைக்கும் ஒரு தும்மல் போட்டால் போதும், பேரப்பிள்ளைகள் முன்னாலேயே "அக்கா, ரசம்!" என்கிறார்.

நானும், "இதோ வந்துட்டேன் தம்பி" என்று டம்ளரை நீட்டுகிறேன்.