வாசலை மறந்த ஷெட்

படித்த முட்டாளுக்கு ஊரில் தனி மரியாதை உண்டு. அவன் பேசுவது புரியாதவரை எல்லோரும் தலையாட்டுவார்கள். கட்டடப் பொறியியலில் மேற்படிப்பு முடித்துத் தாயில்பட்டியில் வந்து இறங்கிய எனக்கு அந்த மரியாதை ஏகத்துக்கும் கிடைத்தது.

மாமாவுக்கு அங்கே பட்டாசுக் கம்பெனி. அட்டைப்பெட்டி ஒட்டுவதற்கு (வெடிமருந்து வாசமே படாத வேலை) புதிதாக ஒரு ஷெட் வேண்டும் என்றார். அவர் மகள் கனகாவைக் கட்டிக்கொள்ள நான் தவித்துக்கொண்டிருந்த நேரம். ஷெட் நல்லபடியாக நின்றால் பெண் கேட்டுவிடலாம் என்று கணக்குப் போட்டேன்.

"பரிணாம முறையில செய்யப்போறேன் மாமா. கம்ப்யூட்டர் கண்டபடி ஆயிரம் ஷெட்டு வரையும். தேறுனதை மட்டும் ஜோடி சேத்துவிட்டா குட்டி போடும். அதுல தேறுனது மறுபடி ஜோடி சேரும். கடைசியா வர்றதுதான் உசத்தி."

"ஏலே, ஷெட்டுக்கெல்லாம் ஜோடி பாக்கியே, ஒனக்கு யாருலே பாப்பா?" என்றார் மாமா. கனகா சிரித்தாள். அதோடு என் மூளை வேலைநிறுத்தம் செய்துவிட்டது.

கம்ப்யூட்டருக்கு நான் இட்ட கட்டளை இரண்டே இரண்டு. இரும்பு குறைய வேண்டும், காற்றுக்கு அசையக் கூடாது. உள்ளே மனிதர்கள் இருப்பார்கள் என்று சொல்லவில்லை. அது தலைமுறை தலைமுறையாகப் பெற்றுத் தள்ளி, கடைசியில் நாலு பக்க வாசலிலும் குறுக்குக் கம்பிகளைப் பெருக்கல் குறி போல வைத்து வம்சத்தை முடித்தது. அப்படியே கட்ட வைத்தேன். "குனிஞ்சா நுழையணும்?" என்று கேட்டவர்களிடம், "இதுதான் சிறந்த வடிவம்" என்று அலட்டினேன். (வெளியூர்க்காரன் செய்திருந்தால் மன்னிக்கலாம். வெடி விபத்துக்குப் பழகிய எங்கள் பக்கம் பந்தியில் உட்காருபவர்கூட ஓட வழி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் இலை போடச் சொல்வார்.)

திறப்பு விழா பூஜைக்குச் சொந்தபந்தமெல்லாம் குனிந்து நெளிந்து உள்ளே வந்தது. மாமா சூடம் ஏற்றினார். அந்த நேரம் பார்த்து வெளியே நின்ற லோடு லாரியின் டயர் வெடித்தது.

எங்கள் ஊரில் சத்தம் கேட்டால் முதலில் ஓடுவோம், காரணத்தை அப்புறம் விசாரிப்போம். நாலு வாசலிலும் கூட்டம் முட்டி நின்றது. மாமாவின் மனைவி, என் அத்தை, சேலை கம்பியில் மாட்டி, "என்னைப் பெத்த ஆத்தா!" என்று அலறினார். எல்லோருக்கும் முன்னால், கனகாவை இடித்துத் தள்ளிவிட்டு ஓடிய மாவீரன் நான்தான். கம்பிகளுக்கு நடுவே என் தலை வெளியே, உடம்பு உள்ளே.

முதுகுக்குப் பின்னால் மாமாவின் குரல் கேட்டது. "ஏலே, அம்புட்டு ஷெட்டும் கூடிப் பெத்தது இதைத்தானா?"

கம்பியை அறுத்து என்னை எடுத்தார்கள். அவமானத்தில் அப்படியே சென்னைக்கு ஓடிவிடலாம் போல இருந்தது.

எப்படியோ மாமா மனமிரங்கிப் பெண்ணைக் கொடுத்தார். முகூர்த்த நேரத்தில், நான் தாலியைக் கையில் எடுத்ததும், கனகா சபைக்கே கேட்கும்படி சொன்னாள்: "கதவை அடைங்கப்பா. கெட்டிமேளம் கொட்டுனா அத்தான் ஓடிருவாக."

இன்றைக்கும் வீட்டில் குக்கர் விசில் அடித்தால், என் மனைவி அடுப்பை அணைப்பதற்கு முன்னால் எனக்கு வழி விட்டு ஒதுங்கி நிற்கிறாள்.