முனியப்பன் கடை நோட்டீஸின் பின்பக்கம்

எத்திராஜுக்கு இழைக்கப்பட்ட அநீதிகளை வரிசை மாறாமல் சொல்ல வேண்டும். மாற்றிச் சொன்னால் அவருக்குக் கோபம் வரும்.

முதலாவது, ஆந்திர ராஜ்யம் பிரிந்தபோது அவரை ஒரு வார்த்தை கேட்காமல் சித்தூரை அதில் சேர்த்தது. இரண்டாவது, ஏன் என்று கேட்கப் போனவரை ஜெயிலில் அடைத்து உப்பில்லாத களி போட்டது. மூன்றாவது, எல்லைத் தகராறு தீர்ந்தது என்று திருத்தணியை மட்டும் தமிழ்நாட்டுக்குக் கொடுத்துவிட்டுச் சித்தூரை வைத்துக்கொண்டது. நாலாவதைத்தான் அவரால் பொறுக்க முடியவில்லை. அது அவர் வீட்டுக்குள்ளேயே நடந்தது.

"அதான் எல்லாம் தீந்துபோச்சே. இன்னும் எதுக்குய்யா இந்தத் தாடி?" என்று கேட்டுவிட்டாள் அவர் மனைவி செங்கம்மா.

சித்தூர் தமிழ்நாட்டில் சேரும்வரை கத்தி படாது என்று கூட்டாளிகளோடு கடைவீதியில் சபதம் செய்து, ஏழு வருஷமாக வளர்த்த தாடி அது. சாப்பாட்டில் அவரை முந்திக்கொண்டு குழம்பில் இறங்கும்.

"இது முடியில்லடி, கொள்கை!"

"கொள்கையிலே நேத்து துன்ன கருவேப்பிலை கீது, பாரு."

இந்த நேரத்தில்தான் சவரக்கடை முனியப்பன் வந்தான். ஊரில் நோட்டீஸ் எழுதுவதில் எத்திராஜை மிஞ்ச ஆள் இல்லை. எழுதியதன் அடியில் பெயர் போடுவார். போலீஸ் உதைத்தபோதும் போட்ட பெயரை வாபஸ் வாங்கியதில்லை.

"அண்ணா, புதுக்கடை திறக்கிறேன். நம்ம கடையிலே இன்னா விசேஷம்னு ஜனங்களுக்குத் தெரியறாப்பல ஒரு நோட்டீஸ் எழுதிக் குடு."

எத்திராஜ் ஒரே மூச்சில் எழுதி முழங்கினார்: "சித்தூர் மக்களே! எத்தனை காலம் பொறுப்பீர்? மழுங்கிய கத்தியின் கொடுங்கோல் ஒழிக! பொங்கி எழுங்கள்! முனியப்பன் கடையை முற்றுகையிடுங்கள்!"

முனியப்பன் முகம் வெளுத்தது. "அண்ணா, கடை மேலேயே கல்லு விடுவாங்க போல கீதே."

செங்கம்மா முறத்தோடு வந்து உட்கார்ந்தாள். "கத்தி ஒழிகன்னு சவரக்கடைக்கு எழுதியிருக்குது உங்கண்ணன். முனியப்பா, மத்தவன் கடையிலே இல்லாதது உங்கிட்ட இன்னா கீது?"

"எப்பேர்ப்பட்ட முரட்டு முடியானாலும் ஒரு பொட்டு ரத்தம் வராது அக்கா."

"அத்தத்தான் எல்லாரும் சொல்றான். சொன்னா எவன் நம்புவான்? காட்டணும்."

"இன்னொண்ணு அண்ணா," என்று முனியப்பன் தலையைச் சொறிந்தான். "பாதி கிராக்கி தெலுங்கு ஜனம். பின்பக்கம் தெலுங்குல வேணும்."

எத்திராஜ் எழுந்து நின்றார். அவர் தெலுங்கு பேசுவார், கேட்பார். படிக்க மாட்டார். அதற்கு ஒரு தீர்மானமே போட்டிருக்கிறார். "என் பேனா எழுதாது! என் கண் பார்க்காது!"

"பாக்காதே. நான் எழுதறேன். நீ அந்தப் பக்கம் திரும்பிக்கினு கையெழுத்து மட்டும் போடு. பேரில்லாத நோட்டீஸ் கோழை நோட்டீஸுன்னு நீதானே சொல்வே?"

அந்தக் கேள்விக்கு எத்திராஜிடம் என்றைக்கும் ஒரே பதில்தான். சுவரைப் பார்த்துக்கொண்டு, பின்பக்கத்தின் அடியில் வீரமாகக் கையெழுத்திட்டார், தமிழில். அதற்கு முன்னால் செங்கம்மா தெலுங்கில் இரண்டு வார்த்தை சேர்த்துக்கொண்டாள்.

சந்தை நாள். முனியப்பன் கடை வாசலில் புது நாற்காலி, சோப்பு, வெந்நீர், பக்கத்தில் செங்கம்மா. தண்டோரா போடும் கன்னையா முதலில் முன்பக்கத்தைப் படித்தான். பொங்கி எழச் சொன்னதும் ஒரு கிழவர் மட்டும் எழுந்து, வேட்டியை உதறிக்கொண்டு வீட்டுக்குப் போனார். பிறகு கன்னையா பின்பக்கத்தைத் திருப்பித் தெலுங்கில் முழங்கினான்: "முனியப்பன் கத்தியின் சிறப்பை நேரில் பாருங்கள்! ஏழு வருஷம் கத்தி படாத தாடி! ரத்தமில்லாமல், இப்போதே, உங்கள் கண் முன்னால் எடுக்கப்படும்!"

கூட்டம் குபுகுபுவென்று கூடியது. காய்கறிக்காரிகள் கூடையோடு வந்தார்கள்.

எத்திராஜுக்கு ரத்தம் கொதித்தது. ஏழு வருஷத் தாடியா? நம் ஆள்தான்! நம் அணியில் ஒரு துரோகி! கூட்டத்தைப் பிளந்துகொண்டு நாற்காலி அருகே போய் நின்றார்.

"சவரத்துக்குச் சபதத்தை விற்ற அந்தக் கோழை யார்? கையெழுத்துப் போட்டிருக்கிறானா?"

"போட்டிருக்குது அண்ணா," என்றான் கன்னையா.

"அப்படியானால் வாபஸ் கிடையாது! இத்தனை பேர் சாட்சி! பேரைப் படி!"

செங்கம்மா நாற்காலியின் தூசியை முந்தானையால் தட்டினாள்.

கன்னையா தொண்டையைக் கனைத்துக்கொண்டு படித்தான்: "செங்கம்மா புருஷன், எத்திராஜ்."