மூளை மாஸ்டர் வாங்கித் தந்த சான்றிதழ்

எங்கள் கரும்புத் தீவில், தவுவா வட்டாரத்தில் மனித மூளையை மூளை மாஸ்டர் அளவுக்கு மதித்தவர் கிடையாது. அது நம்மில் பலருக்கு இன்னும் முழுசாக வந்து சேரவில்லை என்று அவர் அளவுக்கு அடித்துச் சொன்னவரும் கிடையாது.

ராணுவம் ஆட்சியைக் கவிழ்த்து, இந்திய வம்சாவளியினர் நாட்டைவிட்டுக் கிளம்பத் தொடங்கியதும், எங்கள் பள்ளியின் கணக்கு வாத்தியார் சிட்னிக்கும், சரித்திர டீச்சர் ஆக்லாந்துக்கும் பறந்துவிட, அவர்கள் வகுப்பெல்லாம் உயிரியல் நடத்திய இவர் தலையில் விழுந்தன. எல்லாப் பாடத்திலும் மூளையையே நடத்தினார். எந்தப் போருக்குக் காரணம் கேட்டாலும், "தளபதிக்கு அப்ப வயசென்ன?" என்பார். தலைமை எழுத்தரான நான் பாடத்திட்டத்தைச் சுட்டிக்காட்டி மூன்று மெமோ கொடுத்தேன். மூன்றின் பின்பக்கத்திலும் மூளைப் படம் வரைந்து திருப்பி அனுப்பினார்.

அப்போதுதான் அவர் வகுப்பு மாணவி சரோஜினி கரும்பு ரயிலை அவிழ்த்துவிட்டாள். பள்ளிக்குப் பக்கத்தில் தண்டவாளத்தில் நின்ற, ஆலைக்குக் கரும்பு ஏற்றிப்போகும் பெட்டிகளின் பிரேக்கை, நான்கு தோழிகள் பார்த்துக்கொண்டிருக்க, விளையாட்டாக விடுவித்தாள். பெட்டிகள் நிதானமாக உருண்டு, தண்டவாளம் முடிந்தும் நிற்காமல், பள்ளிக் கமிட்டித் தலைவரின் மரவள்ளித் தோட்டத்துக்குள் போய்ப் படுத்துக்கொண்டன. மரவள்ளியைத் தவிர யாருக்கும் காயமில்லை.

அவளைப் பள்ளியிலிருந்து நீக்கக் கமிட்டி கூடியது. சரோஜினியின் குடும்பம் அடுத்த மாதம் ஆக்லாந்து போகிறது. அங்கே பள்ளியில் சேர நடத்தைச் சான்றிதழ் வேண்டும். நீக்கப்பட்டவருக்கு அது கிடையாது. அந்த விதியை எடுத்துக் கொடுத்ததும் நான்தான்.

"அரே மாஸ்டர், இவளைப் பாருங்க!" என்றார் தலைவர். "என்னைவிட ஒரு சாண் உசரம். வயசுக்கு வந்தவ. புத்தி வேணாமா?"

"வயசுக்கு வந்தது உடம்புங்க, தலைவரே. அதோட சேர்ந்து மூளையில ஆசையும் துணிச்சலும் இருக்கிற பக்கம் எழுந்து குதிக்கும். கூட்டாளி பார்த்தா இன்னும் குதிக்கும். பிடிச்சு நிறுத்துற முன்பக்கம் இருக்கே, அது வருஷம் ஆக ஆகத்தான் முத்தும். இருபது தாண்டியும் முத்தும்."

"அப்ப அதுவரைக்கும் யாரையும் கேக்கவே கூடாதா?"

"கேளுங்க. திட்டுங்க. குழி வெட்ட வையுங்க. வெளியே தள்ளாதீங்க."

தலைவர் அசையவில்லை. மாஸ்டர் என் பக்கம் திரும்பினார்.

"கிளார்க்கையா, கார் லைசென்ஸ் எத்தனை வயசில தராங்க?"

"பதினேழு." விதி என்றால் என் வாய் தானாகத் திறந்துவிடும்.

"இவளுக்குப் பதிமூணு. காலு பிரேக்குக்கு நல்லாவே எட்டுது. ஆனாலும் தரமாட்டாங்க. சர்க்காருக்கே தெரிஞ்சது நமக்குத் தெரிய வேணாமா?"

அந்த நாளில் சர்க்காருக்கு ஏதோ தெரியும் என்பதே எங்களுக்குப் புதுச் செய்தி. முதலில் சரோஜினியின் அம்மா சிரித்தாள். பிறகு கமிட்டி சிரித்தது. கடைசியில் தலைவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டார். ஐந்து பெண்களும் இரண்டு சனிக்கிழமை மரவள்ளி நட வேண்டும் என்று தீர்ப்பாயிற்று. சான்றிதழ் உண்டு!

படிவத்தில் நடத்தைக்கு 'நன்று', 'திருப்தி' என்று இரண்டே சொற்கள்.

"'வளர்ந்து வருகிறது'ன்னு டைப் அடிங்க" என்றார் மாஸ்டர்.

"படிவத்தில் அப்படி ஒரு சொல்லே இல்லையே."

"பொண்ணு என்ன, படிவத்தைப் பார்த்தா வளருது?"

அடித்தேன். வகுப்பாசிரியர் என்ற இடத்தில் அவர் கையெழுத்துப் போட்டார். ஆக்லாந்துப் பள்ளி மறுபேச்சில்லாமல் அவளைச் சேர்த்துக்கொண்டது.

நான் ஓய்வு பெற்ற அன்று, அந்தச் சான்றிதழின் கார்பன் பிரதியைக் கோப்பிலிருந்து எடுத்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். விதிப்படி அது திருட்டு. ஆனால் மாஸ்டரின் கையெழுத்து என்னிடம் வேறு இல்லை.