நாப்பது அண்ணாச்சி போட்ட நம்பர்

மனிதர்களை ஜாதி கேட்டு அளந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். சொத்து விசாரித்து அளந்தவர்களையும் பார்த்திருக்கிறேன். எஞ்சின் ஆயிலின் தடிப்பை வைத்து மனிதர்களை அளந்தவர் எனக்குத் தெரிந்து இந்தப் பூமியில் ஒரே ஒருவர்தான். அருப்புக்கோட்டையில் திருச்சுழி ரோட்டோரம் ஒரு தகரக் கொட்டகையில் லாரி மெக்கானிக்காக இருந்தார். ஊர் அவரை மதித்ததா என்று கேட்காதீர்கள். எங்கள் ஊர் யாரை மதித்தது, இவரை மதிக்க!

அவருக்கு அம்மா அப்பா வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். அது ரேஷன் கார்டுக்கு மட்டும் தெரியும். எங்களுக்கு அவர் நாப்பது அண்ணாச்சி. எஞ்சின் ஆயிலுக்கு நம்பர் உண்டு; நம்பர் ஏற ஏறத் தடிப்பு ஏறும். முப்பது இளகல், நாற்பது அதைவிடத் தடிப்பு. கியர் பாக்ஸுக்கு ஊற்றுகிற தொண்ணூறு வெல்லப்பாகு மாதிரி இறங்கும். பழைய லாரி எது வந்து நின்றாலும் அண்ணாச்சி சொல்வது ஒன்றே ஒன்றுதான்: "நாப்பது ஊத்து." நெஞ்சுவலி என்று போனாலும் அதையேதான் சொல்வார் என்று டிரைவர்கள் பேசிக்கொள்வார்கள்.

அவருடைய வலதுகைக் கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் ஒன்றையொன்று தேய்த்துக்கொண்டே இருக்கும். ஆயிலைத் தொட்டுத் தேய்த்து நம்பர் சொல்லிப் பழகிய விரல்கள். ஆயில் இல்லாவிட்டாலும் சும்மா இருக்காது. ஒருமுறை ஏதோ சர்டிபிகேட் வாங்க ஓர் அரசாங்க ஆபீசில் போய் நின்றிருக்கிறார். குமாஸ்தா நிமிர்ந்து அந்த விரல்களைப் பார்த்ததும் எகிறிவிட்டார்.

"யோவ், நான் அப்படிப்பட்ட ஆள் இல்லய்யா! வெளிய போ!"

அண்ணாச்சி வெளியே வந்து எங்களிடம் சொன்னார்: "நல்ல மனுசன்தான். ஆனா இருவது. பொசுக்குனு கொதிச்சுட்டான்."

இப்படித்தான் எல்லோருக்கும் நம்பர் போடுவார். டீக்கடைக்காரர் டீயை நீட்டினால், ஒரு சொட்டைத் தேய்த்துப் பார்த்து, "இதுல வண்டி ஓடாதுப்பா" என்று திருப்பிக் கொடுப்பார். தெருவில் ஒரு கல்யாணம் நிச்சயமானபோது பெண்ணின் தகப்பனாரிடம் கூசாமல் சொன்னார்: "மாப்பிள்ளை முப்பது, பொண்ணு அம்பது. ரெண்டையும் கலந்தா நாப்பது. கண்ணை மூடிக்கிட்டு முடிங்க." எங்கள் சர்ச் கிறிஸ்துமஸுக்குச் சாப்பிட வந்தவர் பாஸ்டரின் பிரசங்கத்தையும் முழுசாகக் கேட்டார். "ஒங்க பாஸ்டர் தொண்ணூறு தம்பி. கியர் பாக்ஸுக்குத்தான் ஆவாரு."

எனக்கு மட்டும் நம்பர் போடவில்லை. கேட்டால், "ஒன்னைய இன்னும் சூட்டுல பாக்கலியே" என்பார்.

சூடு என்பது அவருக்கு வேதம். வீரசோழனிலிருந்து ஒரு பாய் பழைய லாரி வாங்க வந்து, பார்த்துச் சொல்லும்படி இவரைக் கூட்டிக்கொண்டு போனார். நானும் வேடிக்கை பார்க்கப் போனேன். எஞ்சின் சத்தமே இல்லாமல் ஓடியது. விற்கிறவர் மீசையைத் தடவிக்கொண்டு நின்றார். அண்ணாச்சி ஆயில் குச்சியை உருவி, ஒரு சொட்டைத் தேய்த்து, "பாய், அரை மணி நேரம் இதை ஓடவிடுங்க. நாம டீ குடிப்போம்" என்றார். அரை மணி கழித்து அந்த எஞ்சின் அம்மி கொத்துகிற சத்தம் போட்டது. தேய்ந்த எஞ்சினின் சத்தத்தை அமுக்கக் கியர் ஆயிலைக் கலந்து வைத்திருந்தான் பாவி.

"ஆயிலும் ஆளும் ஒண்ணுதான் தம்பி. குளுந்து கெடக்கும்போது எல்லாம் கெட்டியாத்தான் இருக்கும். சூடாகும்போது நிக்குதா, அதப் பாக்கணும்."

இனி என் கதைக்கு வருகிறேன். வராமல் இருக்க முடிந்தால் வரமாட்டேன்.

எங்கள் குடும்பத்தில் சம்பாதிக்கிற ஆள் ஒன்றே ஒன்றுதான். அதன் பெயர் எபெனேசர். நெற்றியில் அந்தப் பெயரை எழுதி அப்பா ஓட்டிய லாரி அது. பி.ஏ. படித்த நான், வேலை கிடைக்காமல் அதில் டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து போய்வந்துகொண்டிருந்தேன். அப்பாவுக்கு ஜெபம் எவ்வளவோ அவ்வளவு கோபமும் உண்டு. முப்பது வயது மகனை நாலு பேர் பார்க்க பெல்ட்டை உருவி அடிப்பதில் அவருக்குத் தயக்கமே கிடையாது. ஒருமுறை பஜாரில் வைத்து அடித்திருக்கிறார். அந்தத் தழும்பு இன்னும் என் தோளில் இருக்கிறது.

எபெனேசருக்கு வயதாகிவிட்டது. அண்ணாச்சி அதன் எஞ்சினின் தலைப்பக்கத்தை மட்டும் இறக்கி வேலை பார்த்துக் கொடுத்துச் சொன்னார்: "அடிப்பக்கத்தப் பிரிக்க வேண்டாம். நாப்பது மட்டும் ஊத்துங்க. இன்னும் ரெண்டு வருசம் சோறு போடும்."

தொண்ணூறுகள் தொடங்கியிருந்தன. ஒரு புது ஆயிலை அறிமுகப்படுத்த டை கட்டிய ஒருவர் மதுரையிலிருந்து வந்து, கல்யாண மண்டபத்தில் எங்களுக்கெல்லாம் பிரியாணி போட்டார். ஐஸ் பெட்டியில் வைத்திருந்த இரண்டு ஆயில்களை எடுத்தார். நாற்பதாம் நம்பர் கண்ணாடிக் குழாயில் நகராமல் உட்கார்ந்திருந்தது. புது ஆயில் தண்ணீராக ஓடியது. குளிரில் இருபது, சூட்டில் நாற்பது, எந்த எஞ்சினுக்கும் இது ஒன்றே போதும் என்றார். கைதட்டல் மண்டபத்தைப் பிளந்தது.

அண்ணாச்சி எழுந்தார். "சார், ஒரு சந்தேகம். நம்ம ஊர்ல ஐஸு எங்க சார் இருக்கு?"

"குளிர்காலக் காலையில..."

"மார்கழியிலயே நாங்க சட்டை இல்லாமத்தான் சார் படுக்கோம்."

கொஞ்சம் சிரிப்பு வந்தது. அண்ணாச்சி விடவில்லை. "புது வண்டிக்கு ஒங்க ஆயிலு நல்லாத்தான் இருக்கும், இல்லேங்கல. கெழட்டு எஞ்சினுக்குள்ள வருசக்கணக்கா கசடு படிஞ்சு கெடக்கு. ஒங்க ஆயிலு அதக் கழுவி விடும். கழுவுன அழுக்கு எங்க சார் போகும்? அடியில போயி சல்லடைய அடைக்கும். அப்புறம் ஆயிலு மேல ஏறாது. எஞ்சின் எரிஞ்சு போகும்."

"பெரியவரே, இது விஞ்ஞானம்."

அப்போது ஒரு குரல் பின்வரிசையிலிருந்து கேட்டது: "அண்ணாச்சி, பிரியாணி ஆறுது, உக்காருங்க! அதுக்கும் நாப்பது ஊத்திக்கலாம்!" மண்டபமே அதிர்ந்து சிரித்தது. அந்தக் குரல் என்னுடையது. அன்றைக்கு அதற்காகப் பெருமைப்பட்டேன், தூ!

அண்ணாச்சி சாப்பிடாமல் போய்விட்டார்.

கூட்டத்துக்கு வந்தவர்களுக்கெல்லாம் சாவிக்கொத்து கொடுத்தார்கள். டின் வாங்கியவர்களுக்கு மட்டும் ஒரு மஞ்சள் தொப்பி. அருப்புக்கோட்டையில் அந்தத் தொப்பி கிடைத்தவர்கள் மூன்றே பேர். நான் மூன்றாவது. படித்தவன் இல்லையா! அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, அப்பா சபைக் கமிட்டியில் சண்டை போட்டுக்கொண்டிருந்த நேரத்தில், நானே எபெனேசருக்கு அடியில் படுத்து நாற்பதை வடித்துவிட்டு மஞ்சள் தொப்பியோடு வந்த புது ஆயிலை ஊற்றினேன். ஒருவருக்கும் சொல்லவில்லை. நன்றாக ஓடிய பிறகு அண்ணாச்சி முகத்துக்கு நேரே சொல்லலாம் என்று வைத்திருந்தேன்.

நன்றாகத்தான் ஓடியது. பத்து நாள் பூனைமாதிரி ஓடியது. நான் தொப்பியைக் கழற்றவே இல்லை.

சித்திரை வெயில். நரிக்குடிப் பக்கம் கருவேலங்கரி மூட்டை ஏற்றிக்கொண்டு வந்துகொண்டிருந்தோம். திருச்சுழியைத் தாண்டியதும் டிரைவர் சந்தியாகு கேஜைத் தட்டினான்.

"அண்ணே, ஆயில் பிரஷர் எறங்குதுண்ணே. ஓரமா நிப்பாட்டிரவா?"

"கேஜுக்கு வயசாயிருச்சுடா. ஓட்டு."

"அண்ணே, முள்ளு கீழ போயிருச்சுண்ணே."

"ஓட்டுலேங்கிறேன்!"

இன்னும் மூன்று மைல் ஓட்டினான். பிறகு எபெனேசர் ஒரு உலுக்கு உலுக்கி நடுரோட்டில் இறுகி நின்றுவிட்டது. ஒரு டிராக்டர்தான் எங்களை அண்ணாச்சியின் கொட்டகைக்கு இழுத்து வந்தது. சேதி எங்களுக்கு முன்னால் போயிருந்தது. அப்பா நின்றார், நாலைந்து லாரி முதலாளிகள் நின்றார்கள், டிரைவர்கள் நின்றார்கள். அடுத்தவன் வண்டி நின்றால் எங்கள் ஊருக்குத் திருவிழா.

அண்ணாச்சி அடியில் புகுந்து, ஆயில் தேங்குகிற சம்ப்பைக் கழற்றினார். சல்லடையில் கசடு, களிமண் அப்பியதுபோல அடைத்திருந்தது. மண்டபத்தில் அவர் சொன்னது சொன்னபடி. ஆயிலைத் தொட்டு விரல்களில் தேய்த்தார். விரல்கள் நின்றன. வெளியே வந்து என்னைப் பார்த்தார். என் முகத்தை அல்ல, தலையைப் பார்த்தார். மஞ்சள் தொப்பி.

அப்பா குதித்தார். "ஏலே நாப்பது! நாலு மாசத்துக்கு முன்னாடி நீதான கை வச்ச? ரெண்டு வருசம் ஓடும்னு நீதான சொன்ன? என்ன வேல பாத்த? வாயத் தொறந்து சொல்லுலே!" அவர் கை பெல்ட்டுக்குப் போய்விட்டது. யாரை அடிப்பது என்றுதான் இன்னும் முடிவாகவில்லை.

ஒரு வார்த்தை போதும். "நான்தான் ஆயில மாத்துனேன்" என்று ஒரே ஒரு வார்த்தை. வெயிலுக்குத் தொப்பியைக் கழற்றுவதுபோலக் கழற்றி, கைலிக்குள் சொருகிக்கொண்டேன்.

அண்ணாச்சி கையைப் பழந்துணியில் துடைத்தார். நிதானமாக, ஒவ்வொரு விரலாக.

"ஆமா முதலாளி. அடிப்பக்கத்தையும் பிரிச்சுப் பாத்திருக்கணும். விட்டுட்டேன். எந் தப்புதான்."

மெக்கானிக்குக்கு இருக்கிற ஒரே சொத்து அவன் பேர். அதை அவர் அன்றைக்கு என் காலடியில் போட்டார். நான் அதை மிதித்துக்கொண்டு நின்றேன். "நாப்பது கை வச்சா நாலு மாசம்" என்று ஊரில் பேச்சாகிவிட்டது. அதை முதலில் சொன்னவர்கள் யார் தெரியுமா? மஞ்சள் தொப்பி வாங்கிய மற்ற இரண்டு பேரும்தான். அவர்கள் வண்டிகளும் அதே மாதிரி நின்றபோது அதற்கும் அவரையே சொன்னார்கள். ஆறே மாதத்தில் கொட்டகைக்கு முன்னால் ஒரு லாரியும் நிற்கவில்லை. அவர் பெட்டியைக் கட்டிக்கொண்டு திருச்சுழிப் பக்கம் பம்புசெட் ரிப்பேருக்குப் போய்விட்டார். எபெனேசரைப் பழைய இரும்புக்குப் போட்டோம். நான் ஒரு பள்ளிக்கூடத்தில் கிளார்க் ஆனேன். ஞாயிறுதோறும் பாவ அறிக்கை ஜெபத்தில் எல்லோரையும்விடச் சத்தமாகச் சொல்லிவந்தேன். சொல்லவேண்டிய இடத்தில் மட்டும் சொல்லவில்லை.

ஏழு வருஷம் கழித்து அப்பாவை அடக்கம் பண்ணினோம். அதற்குப் பிறகுதான் எனக்குத் தைரியம் வந்தது. அதாவது, தைரியம் தேவைப்படாத காலம் வந்தது. பஸ் ஏறித் திருச்சுழி போய், விசாரித்து விசாரித்து, ஒரு மிளகாய்த் தோட்டத்துக் கிணற்றடியில் அவரைக் கண்டுபிடித்தேன். தலை நரைத்திருந்தது. விரல்கள் மட்டும் தேய்த்துக்கொண்டிருந்தன.

"வா தம்பி. அப்பா தவறிட்டாகளாமே, கேள்விப்பட்டேன். கோவக்காரரு, ஆனா சுத்தமான அம்பது. இப்ப என்ன பண்றே?"

"ஸ்கூல்ல கிளார்க்கு அண்ணாச்சி. வீட்டுல அவ தையல் மிசின் வச்சிருக்கா." அதற்குமேல் என்னால் ஊர்ப்பேச்சு பேச முடியவில்லை. "அண்ணாச்சி, அன்னைக்கு ஆயில மாத்துனது நான்தான்."

"தெரியும்ல. தொப்பி போட்டுருந்தேல்ல."

"பின்ன ஏன் அண்ணாச்சி ஒங்க தப்புன்னு சொன்னீங்க? ஒங்க பொழப்பே போச்சே!"

அவர் பம்புசெட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "ஒங்கப்பா கை பெல்ட்டுல இருந்துச்சு. எனக்கு வேற கொட்டகை கெடைக்கும். ஒனக்கு வேற அப்பாவா கெடைப்பாரு? அன்னைக்கு நான் சொல்லியிருந்தா அவரு அடிச்சிருப்பாரு, நீயும் வீட்ட விட்டுப் போயிருப்பே. அப்புறம் அந்த மனுசனுக்கு யாரு இருக்கா?"

நான் அழுதேன். மிளகாய்ப் பழம் எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று அழுதேன். கொஞ்சம் அடங்கியதும் கேட்டேன்: "எனக்கு நம்பர் போட்டாச்சா அண்ணாச்சி?"

"அன்னைக்கே போட்டாச்சு."

"எத்தன?"

"பத்து."

அந்த வெயிலிலும் எனக்குக் குளிர்ந்துபோனது. நியாயமான நம்பர்தான். எழுந்து போய்விடலாம் என்று வேட்டியை மடித்துக் கட்டினேன். அவர் என் கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

"ஏலே, பத்துன்னா கேவலம்னு யாரு சொன்னா? தையல் மிசினுக்கு அதான் ஊத்தணும். நாப்பத ஊத்துனா ஊசி எறங்காது. ஒன்னையப் போயி லாரியில ஏத்தி விட்டாக பாரு, அது ஊத்துனவுக தப்பு. ஆயிலு என்ன பண்ணும்?"

அடுத்த வருஷம் அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். எங்கள் ஊரிலிருந்து துக்கத்துக்குப் போனது நான் ஒருத்தன்தான். அந்த ஊரைப் பற்றி இதற்குமேல் எழுதினால் கெட்டவார்த்தைதான் வரும்.

எங்கள் வீட்டில் தையல் மிஷினுக்கு எண்ணெய் விடுகிற வேலை என்னுடையது. ஞாயிற்றுக்கிழமை சர்ச் விட்டு வந்ததும் ஒரு சொட்டை விரலில் எடுத்துத் தேய்த்துப் பார்த்துவிட்டுத்தான் விடுவேன். "வாராவாரம் அதே எண்ணெதான, என்னத்தப் பாக்கீக?" என்பாள் மனைவி.

சரியாத்தான் இருக்கு, அண்ணாச்சி.