மூடி மேடமும் எங்கள் வீட்டு நண்டும்

கோல சிலாங்கூர் வட்டாரத்தில் எந்த வீட்டில் இன்றைக்கு என்ன குழம்பு என்பது அரசாங்கத்துக்குத் தெரிந்திருந்தது என்றால், அதற்கு ஒரே காரணம் மூடி மேடம்தான்.

சமூகநல இலாகாவில் நன்னடத்தை அதிகாரி. வம்பில் மாட்டி, கோர்ட் பிணையில் வீட்டுக்கு அனுப்பிய பிள்ளைகளைக் கண்காணிப்பது அவர் வேலை. மற்ற அதிகாரிகள் கேள்வி கேட்பார்கள். இவர் செருப்பைக் கழற்றிவிட்டு நேரே குசினிக்குப் போய்ப் பானை மூடியைத் திறப்பார். சொந்தப் பெயர் அவருடைய அம்மாவுக்கே மறந்திருக்கும்.

என் அக்கா மகன் தினேஷ் பதினேழு வயதில், கூட்டாளி ஓட்டிவந்த திருட்டு மோட்டாரின் பின்னால் உட்கார்ந்து போய் மாட்டிக்கொண்டான். புக்கிட் ரோத்தானில் அக்கா தனியாக வளர்த்த பிள்ளை. பிணைக்குக் கையெழுத்துப் போட்டது நான். இன்னொரு முறை பெயர் அடிபட்டால் சீர்திருத்தப் பள்ளிதான் என்று மாஜிஸ்திரேட் சொல்லியிருந்தார்.

முதல் நாளே மேடம் சோற்றுப் பானையைத் திறந்தார். கஞ்சா தேடுகிறார் என்று அக்கா நடுங்கிவிட்டாள்.

"சோறு அப்படியே இருக்கே. நீ எங்க சாப்ட்ட?"

"வெளிய மேடம்," என்றான் தினேஷ்.

"யாரு வாங்கிக் கொடுத்தா?"

அவன் பானை மூடியை எடுத்து மூடினான். எவன் சோறு வாங்கிக் கொடுக்கிறானோ அவன் கூப்பிட்ட இடத்துக்குத்தான் பிள்ளை போவான் என்பது மேடத்தின் சித்தாந்தம். அதை விளக்கிவிட்டு, மீன் குழம்பில் உப்புக் குறைவு என்றும் சொன்னார். அக்கா அவரை மன்னிக்கப் பல வாரம் ஆயிற்று. பிணை போட்டவன் என்று என் வீட்டுக்கும் வந்து ரசத்தைத் திறந்து பார்த்தார். அதற்கப்புறம் என் மனைவி வாசலில் கார் சத்தம் கேட்டாலே ரசத்தை ஒளித்துவைப்பாள்.

ஒரு சனிக்கிழமை மாலை, நான் அக்கா வீட்டில் இருந்தபோது, தினேஷின் பழைய கூட்டாளிகள் இரண்டு பேர் காரில் வந்து நின்றார்கள். சும்மா ஒரு ரவுண்டு லா, தே தண்ணி குடிச்சிட்டு வந்துரலாம் என்று கூப்பிட்டார்கள். தினேஷ் சிலிப்பரை மாட்டிக்கொண்டான். அக்கா கெஞ்சினாள். நான் முறைத்தேன். இரண்டும் பலிக்கவில்லை.

அந்த நேரம் மேடத்தின் குட்டிக் கார் வந்து, அவர்கள் காருக்குப் பின்னால் மூச்சு முட்டும்படி நின்றது. கையில் பாசிர் பெனம்பாங் மீனவர் கிராமத்து நண்டு ஒரு பை. அக்காவைச் சமைக்கச் சொன்னார், தினேஷைத் தேங்காய் திருவச் சொன்னார். காரை நகர்த்தும்படி கூட்டாளிகள் கேட்டார்கள்.

"சாவிய எங்கயோ வச்சிட்டேன் தம்பி. வந்து சாப்பிடுங்க, அப்புறம் தேடலாம்."

சாவி அவர் கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. பையன்கள் அக்காவின் பூச்சட்டிகளை நொறுக்கிக்கொண்டு காரை வெளியே எடுத்துப் போனார்கள்.

அன்று அந்தியில் பக்கத்துப் பட்டணத்தில் ஒரு கைப்பேசிக் கடை உடைபட்டது. பிடிபட்ட அந்த இருவரும் தினேஷின் பெயரையும் சேர்த்துச் சொல்லிவிட்டார்கள். மறுநாள் போலீஸ் வந்து அவனை அழைத்துப் போனது.

நான் போன் போட்டதும் மேடம் ஸ்டேஷனுக்கு ஓடிவந்தார். பையன் அந்த நேரத்தில் தன் கண் முன்னால் இருந்தான் என்று போலீஸ் சார்ஜனிடம் மலாயில் சாட்சி சொன்னார். அத்தோடு விடவில்லை. நண்டை எப்படி உடைத்தான், எந்தக் காலை உறிஞ்சினான், எத்தனை தரம் குழம்பு கேட்டான் என்று சொல்லிக்கொண்டே போனார். சார்ஜன் கையெடுத்துக் கும்பிடாத குறையாக நிறுத்தச் சொன்னார். அவருக்குப் பசித்துவிட்டது. தினேஷை விட்டுவிட்டார்.

வெளியே வந்ததும் தினேஷ் தலை நிமிராமல், "நீங்க வரலன்னா நான் போயிருப்பேன் மேடம்," என்றான்.

"தெரியும்டா. அவனுங்க கார் உங்க ரோட்டுல திரும்புறத பாத்துட்டுத்தான் வந்தேன். அது எங்க வீட்டுக்கு வாங்குன நண்டு."

பிணைக் காலம் முடிந்து கோர்ட் அவனை விடுவித்தது. இப்போது ராவாங்கில் ஏர்கோன் மாட்டும் வேலையில் இருக்கிறான். விடுவித்த அன்று, நான் காரைக் கிளப்புவதற்குள் அக்கா சீட்டில் சாய்ந்து தூங்கிப்போனாள். மேடம் கண்ணாடி வழியே குனிந்து பார்த்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"எழுப்பிராதீங்க அண்ணே. கொஞ்சம் சுத்திட்டுப் போங்க."

வீடு பக்கம்தான். நான் ஒரு மணி நேரம் தள்ளியிருக்கும் சுங்கை ஆயர் தாவார் வரைக்கும் போய்த் திரும்பினேன்.