பொருள் சார் போட்ட கையெழுத்து

அறையில் இருந்தவர்கள் மொத்தம் ஐந்து பேர். ஜன்னலோரம், கழுத்தில் விசிலோடு விளையாட்டு வாத்தியார். அவருக்கு வலப்பக்கம் கைக்குட்டையோடு பாட்டு டீச்சர். அடுத்து, விரலெல்லாம் பெயின்ட்டோடு டிராயிங் வாத்தியார். அதற்கும் அடுத்து, "ரிட்டயர் ஆக இன்னும் மூணே மாசம்" என்று யாரும் கேட்காமலே சொல்லிக்கொண்டிருந்த ஒரு பெரியவர். சுவரோரம் உயரமான ஸ்டூலில் ஒரு தாடிக்காரர். பயிற்சி நடத்துபவர் அவராகத்தான் இருக்க வேண்டும். நடுவில் மேஜை. மேஜையைச் சுற்றி ஐந்து நாற்காலி, அதில் ஒன்று காலி.

அந்தக் காலி நாற்காலியில் உட்காரலாமா கூடாதா என்று வாசலிலேயே நின்றவர் ஆறாவது ஆள். ஏழாம் வகுப்புக்குப் புவியியல் எடுப்பவர். பிள்ளைகள் வைத்த பெயர் பொருள் சார். கடிதம் என்றால் மேலே 'பொருள்' என்று ஒரு வரி இருந்தே ஆக வேண்டும் அவருக்கு. வகுப்பில் திட்டுவதுகூட "பொருள்: வீட்டுப்பாடம் செய்யாதது" என்றுதான் தொடங்கும்.

நாடக அரங்கில் ஆசிரியர்களுக்கு ஒருநாள் பயிற்சி. அரங்கு பெரியது; கதவுகள் நிறைய. பெருக்கிக்கொண்டிருந்தவரிடம் "வாத்தியாருங்க எல்லாம் எங்கேப்பா?" என்று கேட்டார். "அதோ, உள்ளே கத்திக்கிட்டிருக்காங்களே" என்று அவர் துடைப்பத்தால் காட்டிய அறை இது.

"கணக்கு வாத்தியாரா?" என்றார் தாடிக்காரர்.

"இல்லைங்க, புவியியல்."

"ஏதோ ஒண்ணு. லேட்டு. உட்காருங்க."

பொருள் சார் சட்டைப்பையிலிருந்து வருகைச் சீட்டை எடுத்தார். "இதுல ஒரு கையெழுத்து..."

"எல்லாம் முடிஞ்சப்புறம். இப்போ அவங்களோட பேசுங்க."

பேசுவதுதான் சிக்கல். காலையில் கிளம்பும்போது ஹெட்மாஸ்டர் தெளிவாகச் சொல்லி அனுப்பியிருந்தார்: "போங்க. உட்காருங்க. வாங்க. நடுவுல வாயைத் திறக்காதீங்க."

வாயைத் திறந்தால் என்ன வரும் என்று ஹெட்மாஸ்டருக்குத் தெரியும். போன மாதம் கல்வி அதிகாரி ஒரு சுற்றறிக்கை விட்டிருந்தார். நாடகம் பார்க்கப் போவதால் பாடம் கெடுகிறது. இனி எந்த வகுப்பையும் அரங்குக்கு அழைத்துப் போகக் கூடாது. ஏற்கெனவே ஏற்பாடாகிவிட்ட ஆசிரியர் பயிற்சியை மட்டும் போனால் போகிறது என்று விட்டுவைத்திருந்தார். பொருள் சாரின் வகுப்பில் முப்பத்தெட்டுப் பிள்ளைகள். முப்பத்தெட்டு பேரும் ஜூன் மாதத்திலிருந்து அந்த ஒரு நாளுக்காக விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தவர்கள். ஆட்சேபம் இருந்தால் நாளை மறுநாள் நடக்கும் கூட்டத்துக்கு முன் எழுத்தில் தரலாம் என்று சுற்றறிக்கையின் கடைசி வரி சொன்னது. கடைசி வரி வரைக்கும் படித்த ஒரே ஆள் பொருள் சார்தான்.

அவர் உட்கார்ந்ததும் விளையாட்டு வாத்தியார் மேஜையைத் தட்டினார்.

"நம்ம பிள்ளைங்க நாடகம் பார்க்கக் கூடாதாம்! இதைக் கேட்க நாதியில்லையா?"

பொருள் சாருக்குத் தூக்கிவாரிப்போட்டது. இங்கேயும் அதேதானா?

"ஹெட்மாஸ்டர்கிட்ட கேட்டேன்" என்றார் பாட்டு டீச்சர். "கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுக்கிட்டே 'பார்க்கலாம்'னாரு."

"என்கிட்டயும் அதேதான்" என்றார் டிராயிங் வாத்தியார். "துடைச்சாரு. பார்க்கலாம்னாரு."

பெரியவரின் ஹெட்மாஸ்டரும் கண்ணாடியைத் துடைத்திருந்தார். எல்லாப் பள்ளி ஹெட்மாஸ்டரும் ஒரே அச்சில் வார்த்தவர்கள்போல என்று நினைத்துக்கொண்டார் பொருள் சார். அவருடைய ஹெட்மாஸ்டரும் துடைப்பவர்தான்.

"மனு ரெடி" என்று விளையாட்டு வாத்தியார் ஒரு தாளை மேஜையில் போட்டார். "முதல் கையெழுத்து யாரு?"

தாளை ஆளுக்கு ஆள் அடுத்தவர் பக்கம் தள்ளினார்கள்.

"நீங்களே போடுங்களேன்" என்றார் பாட்டு டீச்சர்.

"போட்டிருப்பேன்மா. பந்து பிடிக்கப் போய்க் கை சுளுக்கிடுச்சு. பேனாவே நிக்க மாட்டேங்குது." அதே கையால் விசிலை எடுத்து ஒரு சுழற்று சுழற்றினார். "நீங்க போடுங்க."

"எங்க வீட்டுக்காரரோட டிரான்ஸ்ஃபர் ஃபைல் அந்த அதிகாரி மேஜையிலதான் இருக்கு." டீச்சரின் கண்ணிலிருந்து ஒரே ஒரு சொட்டு, வெகு அழகாக, கன்னத்தில் இறங்கியது.

"நான் போட்டா பார்த்தவுடனே என்னோடதுன்னு தெரிஞ்சுடுமே" என்றார் டிராயிங் வாத்தியார்.

"கையெழுத்துன்னா அப்படித்தானேய்யா இருக்கணும்?" என்றார் விளையாட்டு வாத்தியார்.

"அதான் பிரச்சினையே."

எல்லாரும் பெரியவரைப் பார்த்தார்கள். "எனக்கு இன்னும் மூணே மாசம்" என்றார் அவர்.

"அப்புறம் உங்களை யாரு என்ன பண்ண முடியும்?"

"அந்த மூணு மாசத்துல பண்ணுவாங்களே!"

ஸ்டூலிலிருந்து தாடிக்காரர் சொன்னார்: "இன்னொரு தடவை."

அவர்கள் இன்னொரு தடவை சண்டை போட்டார்கள். அதே நாதியில்லையா, அதே கண்ணாடி, அதே சுளுக்கு. டீச்சரின் சொட்டு மட்டும் கொஞ்சம் முன்னதாகவே இறங்கியது. பொருள் சாருக்கு இது ஒன்றும் வினோதமாகத் தெரியவில்லை. அவருடைய ஆசிரியர் அறையிலும் வாரா வாரம் இதே சண்டை இதே வார்த்தைகளில்தான் நடக்கும்.

வாயைத் திறக்கவில்லை அவர். ஆனால் கண்ணை மூட முடியவில்லையே! எதிரே கிடந்த மனு கண்ணில் பட்டுவிட்டது. தேதி இல்லை. அனுப்புநர் இல்லை. பெறுநர் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, பொருள் இல்லை.

தேதியை மட்டும் போட்டுவிட்டு வைத்துவிடலாம் என்று பேனாவைத் திறந்தார். தேதி வந்த பிறகு அனுப்புநர் இல்லாதது இன்னும் அசிங்கமாகத் தெரிந்தது. அனுப்புநருக்கு இடம் போதவில்லை. வேறு தாள் எடுத்தார். சுற்றறிக்கை எண் அவருக்கு மனப்பாடம், அதையும் சேர்த்தார். பிறகு, சத்தியமாக அவர் எழுத நினைக்கவே இல்லை, மூன்று பத்தி எழுதிவிட்டார். புவியியல் வகுப்பில் மலை என்றால் என்ன என்று சொல்லித்தர முடியும், மலையின் முன்னால் நிற்பது எப்படி இருக்கும் என்று காட்ட ஒரு மேடைதான் உண்டு என்று மூன்றாவது பத்தியில் வந்துவிட்டது. அதை அடிக்கவும் மனம் வரவில்லை.

"அடேங்கப்பா!" என்று டிராயிங் வாத்தியார் எட்டிப் பார்த்தார். "முத்து முத்தான எழுத்து சார்!"

அப்போதுதான் பொருள் சாருக்கு உறைத்தது. இருபது வருடமாகப் பள்ளியிலிருந்து அதிகாரிக்குப் போகும் கடிதமெல்லாம் அவர் கையால் எழுதியவை. கீழே பெயர் மட்டும் ஹெட்மாஸ்டருடையது. ஆயிரம் கடிதம் எழுதியவர், ஒன்றிலும் தன் பெயரை வைத்ததில்லை. ஆனால் அந்த எழுத்தை அதிகாரி அலுவலகத்தில் மேஜை நாற்காலிக்குக்கூடத் தெரியும்.

"யாராவது இதைப் பார்த்து இன்னொரு பிரதி எழுதிடுங்களேன்" என்றார், கெஞ்சாத குறையாக.

"கை சுளுக்கு" என்றார் விளையாட்டு வாத்தியார்.

"டிரான்ஸ்ஃபர் ஃபைல்" என்றார் டீச்சர்.

"கிழிச்சுடலாமா அப்போ?"

"ஐயையோ!" என்று நான்கு பேரும் ஒரே குரலில் கத்தினார்கள். விளையாட்டு வாத்தியார் தாளைப் பிடுங்கி, எழுந்து நின்று, உரக்கப் படித்தார். நல்ல குரல். கடைசி வரிசை வரைக்கும் கேட்கும் குரல். இத்தனை அழகாகத் தான் எழுதினோமா என்று பொருள் சாருக்கே சந்தேகம் வந்தது.

"இன்னொரு தடவை" என்றார் தாடிக்காரர், ஸ்டூலின் நுனிக்கு வந்து. "மனு புதுசு. மத்ததெல்லாம் அதே. முதல் கையெழுத்து யாரு?"

மூன்றாவது சுற்று. சுளுக்கு வந்தது. ஃபைல் வந்தது. சொட்டு இறங்கியது. மூணே மாசம் வந்தது. எல்லாரும் திரும்பிப் புதியவரைப் பார்த்தார்கள்.

பொருள் சாரும் தன் காரணத்தைத் தேடினார். ஹெட்மாஸ்டர் இருந்தார். பதவி உயர்வு இருந்தது. சட்டைப்பையில் தேடிய கைக்கு வருகைச் சீட்டோடு இன்னொரு தாளும் வந்தது. முந்தாநாள் ஏழாம் வகுப்பில் முதல் பெஞ்சுப் பெண் நீட்டியது. கடிதம் எழுதும் முறை அவர் சொல்லிக்கொடுத்ததுதான். ஒரு பிழை கிடையாது. 'பொருள்: நாடகம் ரத்தானதற்கு நீங்கள் என்ன செய்தீர்கள் என்பது தொடர்பாக.' கீழே முப்பத்தெட்டு பேரும் வரிசை எண்படி கையெழுத்துப் போட்டிருந்தார்கள். யாருக்கும் கை சுளுக்கவில்லை.

"கொடுங்க இப்படி" என்றார் பொருள் சார்.

தாளை வாங்கினார். இனிஷியல், முழுப்பெயர், பதவி, பள்ளி முகவரி, இடம், நாள். ஒரு எழுத்துகூடக் கோணவில்லை. முடித்துப் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார்.

விளையாட்டு வாத்தியாரின் விசில் கையிலிருந்து நழுவியது. பாட்டு டீச்சர் மூக்கைச் சிந்தினார். இந்தத் தடவை அழுகை அழகாக இல்லை, மூக்கெல்லாம் சிவந்திருந்தது.

"சார்... போட்டுட்டீங்களே!" என்றார் டிராயிங் வாத்தியார்.

"போட்டுட்டேன். அடுத்து நீங்க."

"நாங்க போட்டு என்ன சார் ஆகப்போகுது?" என்று பெரியவர் தாடிக்காரரைத் திரும்பிப் பார்த்தார். தாடிக்காரர் பார்க்கவில்லை. தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து ஒரு நோட்டுப் புத்தகத்தில் வெறிபிடித்தவர்போல எழுதிக்கொண்டிருந்தார்.

பொருள் சாருக்கு வாழ்நாளில் முதல் தடவையாகச் சக ஆசிரியர்கள் மேல் கோபம் வந்தது. "பிள்ளைங்களுக்குத் தைரியமா நில்லுன்னு சொல்லித்தர்றோம். நாலு பேர் இருந்துக்கிட்டு ஒரு கோடு இழுக்கத் துப்பில்லை. நல்லா இருங்க!"

மனுவை எடுத்துக்கொண்டு வெளியே வந்து கதவைச் சாத்தினார். உள்ளே திடீரென்று கைதட்டல் கேட்டது. வெட்கம்கெட்டவர்கள் என்று முணுமுணுத்துக்கொண்டே விறுவிறுவென்று முன்வாசலுக்கு நடந்தார்.

டிக்கெட் கவுண்டருக்குள் ஒரு பெண் கட்டுக் கட்டாக நுழைவுச் சீட்டுகளுக்கு முத்திரை குத்திக்கொண்டிருந்தாள். பக்கத்தில் தபால்காரர், பையைத் தோளில் மாட்டிக் கிளம்பத் தயாராக நின்றார்.

"இன்னிக்குத் தபால்ல போனா நாளைக்கு இந்த ஊருக்குள்ளேயே சேர்ந்துடுமா?"

"காலையில பத்து மணிக்கு மேஜையில இருக்கும்" என்றார் தபால்காரர்.

"ஒரு கவர் கொடும்மா. ஸ்டாம்ப். கொஞ்சம் பசை."

கல்வி அதிகாரியின் முகவரி எழுதினார். மனுவை மூன்றாக மடித்தார், விளிம்போடு விளிம்பு ஒட்ட. உறைக்குள் வைத்தார். பசையை ஓரம் முழுக்கத் தடவி, கட்டை விரலால் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் அழுத்தினார். ஒரு கணம் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு நீட்டினார். தபால்காரர் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு சைக்கிளை மிதித்தார்.

பொருள் சார் ஒரு பெருமூச்சு விட்டு, வருகைச் சீட்டைக் கவுண்டரில் வைத்தார். "அந்தத் தாடிக்காரர் போட்டுத் தர மாட்டேங்குறாரும்மா. பயிற்சிக்கு வந்தேன்னு நீயாவது ஒரு முத்திரை குத்து."

அவள் சீட்டைப் படித்தாள்; தெருத் திருப்பத்தில் மறைந்துகொண்டிருந்த சைக்கிளைப் பார்த்தாள்; பிறகு அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"சார், வாத்தியாருங்க பயிற்சி மாடியில நடக்குது, கீழே நடக்கறது புது நாடகத்தோட ஒத்திகை, அந்தக் கதையில கடைசி வரைக்கும் ஒருத்தர்கூடக் கையெழுத்துப் போட மாட்டாங்களே!"