குப்பத்திலிருந்து வந்த விக்கல்

ஆந்திர எல்லை ஊரான நகரியிலேயே, விக்கலுக்கு டாக்டரிடம் போகச் சொன்னவர்களை விரட்டியடித்த ஒரே மனிதர் எங்கள் தெரு மைக்செட்டுதான். ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு ‘நாளைக்குக் கரண்ட் இருக்காது’ என்று தமிழிலும் தெலுங்கிலும் ஊரைச் சுற்றி அறிவிப்பது தொழில். நிஜப் பெயர் அவருடைய ஆதார் அட்டைக்கு மட்டும்தான் தெரியும்.

ஒரு நாள் விக்கல் பிடித்தது. விடவே இல்லை. “நாளைக்கு... ஹிக்... கரண்டு... ஹிக்...” அவ்வளவுதான் கேட்டது. கரண்ட் உண்டா, இல்லையா என்று தெருவே அடித்துக்கொண்டது. என் மனைவி சர்க்கரை கொடுத்தாள். எதிர்வீட்டுத் தறிக்காரர் பயமுறுத்திப் பார்த்தார்.

“யோவ், உன் ஆட்டோவ எவனோ ஓட்டிக்கினு போறான்யா!”

“போவட்டும்... ஹிக்... பெட்ரோல் இல்ல. தள்ளிக்கினுதான் போவணும்.”

டாக்டர் என்றால் மட்டும் கோபம் வந்துவிடும். “எம் பொண்ணு குப்பத்துல என்னிய நெனச்சிக்கினு கீறா. அத்த நிறுத்தறதுக்கு மாத்திரையா?”

சொல்லாமல் கல்யாணம் செய்துகொண்டு குப்பம் என்ற ஊருக்குப் போன மகளோடு அவர் பல வருஷமாகப் பேசுவதில்லை.

சோறு இறங்காமல், கால் வீங்கி, ஆட்டோவிலேயே சுருண்ட பிறகுதான் திருப்பதி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனோம்.

“தூங்கும்போதும் விக்கல் வருதா?” என்றார் டாக்டரம்மா.

“வருதும்மா. அவளும் தூங்கறதில்ல போல.”

டாக்டரம்மா சிரிக்கவில்லை. “ரெண்டு நாளைக்கு மேல போனா விக்கல சும்மா விடக்கூடாது, பெரியவரே.” வயிறு, நெஞ்சு, காது வரை பார்த்து, என்னென்ன மாத்திரை தின்கிறார் என்று விசாரித்து, ரத்தம் எடுத்தார்கள். மூட்டுவலிக்கென்று கடையில் வாங்கி வாங்கி விழுங்கிய மாத்திரையில் சிறுநீரகம் இரண்டும் கெட்டிருந்தன. ரத்தத்தில் தேங்கிய கழிவுதான் விக்கலாக வந்திருக்கிறது. டயாலிசிஸ் செய்தார்கள், விக்கல் நின்றது.

நின்றதும் மனிதர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். “மறந்துட்டாபா.”

என் மனைவியிடம் அந்தப் பெண்ணின் நம்பர் இருந்தது. வாங்கிப் போன் செய்தேன். மறுநாள் காலை ஆரஞ்சுப் பழங்களோடு வந்து நின்றாள். இந்த வியாதிக்கு ஆகாதென்று நர்ஸ் பிடுங்கிக்கொண்டார். வெறுங்கையோடு கட்டில் ஓரம் உட்கார்ந்தாள்.

“பொய் சொல்ல மாட்டேன் நைனா. உன்ன நெனக்கவே கூடாதுன்னுதான் இருந்தேன்.”

அவர் அவள் பக்கம் திரும்பிப் படுத்தார். “நானுந்தாம்மா. முடியல.”

அப்புறம் அவர்களுக்குக் கிடைத்தது ஒரு கோடைக்காலம்தான். நகரியிலேயே தங்கி, டயாலிசிஸுக்கு அவள்தான் கூட்டிப்போவாள். ஒரு தடவை அதே பஸ்ஸில் அவர்களுக்குப் பின்சீட்டில் இருந்தேன். குழம்பில் உப்பே இல்லையென்று அவரும், டாக்டர் போடக்கூடாதென்றார் என்று அவளும், புத்தூர் தாண்டியும் சண்டை ஓயவில்லை. திருப்பதி இன்னும் கொஞ்சம் தள்ளி இருந்திருக்கலாம் என்று இருந்தது.